டொமைனின் தலையில் ஏலியஸ்: பெயரை யார் போய்க் கேட்டுவருகிறார்?

தளத்தைப் பல ஊர்களிலிருந்து பரிமாறும் சி.டி.என். சேவையோ, வரும் கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சரோ வாங்கினால் பெரும்பாலும் ஐ.பி. முகவரி (சர்வரின் எண் முகவரி) தரமாட்டார்கள். நீளமான ஒரு பெயரைக் கொடுத்து, "இதற்கு ஒரு சிநேம் போட்டுவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டொமைன் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் ரெக்கார்டுதான் சிநேம். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள பெயருக்கு அது இரண்டு நிமிட வேலை. எதுவும் ஒட்டாத வெறும் டொமைனுக்கு அதையே செய்யப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கன்ட்ரோல் பேனலில் @ என்று காட்டுவார்களே, அந்தப் பெயர். ரூட் டொமைன், ஏபெக்ஸ், நேக்கட் டொமைன் என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். ரூட் என்றால் உலகின் ரூட் சர்வர்களோடு குழம்பிப் போகும் என்பதால் இங்கே அதைத் தலைப்பெயர் என்றே சொல்கிறேன். அங்கே சிநேம் ஏன் கூடாது, அதற்குப் பதிலாக வந்த ஏலியஸ் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

எடுத்துக்காட்டுக்கு உதாரணம்.பரிட்சை என்ற டொமைனை வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெயர் இல்லை. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் டொமைன் வேலை செய்யுமா என்று பார்க்க 2007இல் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு பதினொரு மொழிகளில் சோதனைப் பெயர்களை உருவாக்கியபோது தமிழுக்கு வந்தது இதுதான். 2013இல் அந்தச் சோதனைப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே இதை வைத்து என்ன எழுதினாலும் யாருடைய தளத்துக்கும் பாதகமில்லை.

தலைப்பெயரில் சிநேம் ஏன் கூடாது என்பதற்கான விதி பழையது. 1987 நவம்பரில் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்த பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 1034 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இருக்கிறது: ஒரு பெயரில் சிநேம் இருந்தால் அங்கே வேறு தரவு எதுவும் இருக்கக்கூடாது. காரணமும் எளிது. சிநேம் என்பது வலைத்தளத்துக்கு மட்டுமான வழிமாற்று இல்லை. "இந்தப் பெயரைப் பற்றி எதைக் கேட்டாலும் அங்கே போய்க் கேள்" என்று முழுப் பொறுப்பையும் கைமாற்றுவது. ஐ.பி. முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு, மெயில் போக வேண்டிய சர்வரைச் சொல்லும் எம்.எக்ஸ்., உரைக்குறிப்புகளை வைக்கும் டி.எக்ஸ்.டி. எல்லாம் அதில் அடங்கும். தலைப்பெயரிலோ நிர்வாக விவரம் சொல்லும் எஸ்.ஓ.ஏ. ரெக்கார்டும், நேம்சர்வர்கள் எவை என்று சொல்லும் என்.எஸ். ரெக்கார்டுகளும் கட்டாயம் இருந்தாக வேண்டும். அவை இல்லாமல் ஸோன் (ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய தொகுப்பு) என்பதே கிடையாது. ஆக இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியாது. பதில் போலியல்ல என்று கையொப்பத்தால் காட்டும் டி.என்.எஸ்.செக் ஏற்பாட்டின் ரெக்கார்டுகள் சிலவற்றுக்கு மட்டும் பின்னாளில் விலக்கு கொடுத்தார்கள்.

பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருள் இதில் கறார். ஸோன் கோப்பில் தலைப்பெயருக்குச் சிநேம் எழுதினால் "சிநேம் அண்ட் அதர் டேட்டா" என்று லாக் பதிவில் எழுதிவிட்டு ஸோன் முழுவதையும் ஏற்ற மறுத்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ரீலோட் கொடுத்தால், புதிய கோப்பை ஏற்காமல் நினைவில் உள்ள பழைய ஸோனையே தொடர்ந்து பரிமாறும். தளமும் மெயிலும் வழக்கம்போல ஓடும். பதிவைப் பார்க்காதவர் மாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். சில வாரம் கழித்து யாரோ சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது டொமைன் மொத்தமும் விழும், அன்று யாருக்கும் பழைய மாற்றம் ஞாபகத்தில் இருக்காது. பைண்டோடு வரும் நேம்ட்-செக்ஸோன் கருவியால் கோப்பைச் சோதித்த பிறகே ரீலோட் செய்யும் பழக்கம் இருந்தால் இது நடக்கவே நடக்காது.

மறுக்கும் சர்வரைவிட ஏற்றுக்கொள்ளும் சர்வர்தான் ஆபத்து. சில கன்ட்ரோல் பேனல்கள் @ பெயருக்குச் சிநேமைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். உலாவியில் திறந்தால் தளம் வரும். எல்லாம் சரி என்று மூடிவிடுவார்கள். பிறகு நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அறிகுறி ஒரு இடத்திலும் நோய் இன்னொரு இடத்திலும் இருக்கிற வகை இது.

ஒரு நிறுவனத்தின் ரிசால்வரிடம் (பயனர்களுக்காகப் பெயர்களைத் தேடித்தரும் சர்வர்) ஒருவர் உதாரணம்.பரிட்சையின் ஏ ரெக்கார்டைக் கேட்கிறார். சிநேம் பதிலாக வருகிறது, ரிசால்வர் அதைக் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்கிறது. அடுத்து அதே ரிசால்வரிடம் ஒரு மெயில் சர்வர் எம்.எக்ஸ். கேட்கிறது. கேஷில் சிநேம் இருப்பதால் ரிசால்வர் உங்கள் ஸோனை வைத்திருக்கும் நேம்சர்வரிடம் திரும்ப வராது. சிநேம் காட்டும் சி.டி.என். பெயருக்குப் போய் அங்கே எம்.எக்ஸ். தேடும். அங்கே இருக்காது. எம்.எக்ஸ். இல்லையென்றால் ஏ ரெக்கார்டையே மெயில் சர்வராகக் கொள்ளலாம் என்பது மெயில் விதி. எனவே அனுப்புபவரின் சர்வர் சி.டி.என். முகவரியின் 25ஆம் போர்ட்டைத் தட்டும். யாரும் திறக்கமாட்டார்கள். மெயில் வரிசையில் நிற்கும், நாலைந்து நாள் முயன்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

இன்னொரு ரிசால்வரில் யாரும் அதுவரை ஏ ரெக்கார்டு கேட்டிருக்கவில்லை. அங்கே எம்.எக்ஸ். கேள்வி நேராக உங்கள் நேம்சர்வருக்கே வந்து சரியான பதிலை வாங்கிப் போய்விடலாம். அதனால் ஒருவர் அனுப்பினால் வருகிறது, மற்றவர் அனுப்பினால் வரவில்லை. காலையில் வந்தது மாலையில் வரவில்லை. தளம் நன்றாக ஓடுவதால் டி.என்.எஸ். மேல் யாருக்கும் சந்தேகம் வராது, மெயில் சேவைக்காரர் மேலேயே பழி விழும். உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று தலைப்பெயரில் சொல்லும் எஸ்.பி.எஃப். வரிக்கும் இதே கதிதான், ஆகவே வெளியே போகும் மெயிலும் ஸ்பாமில் விழத் தொடங்கும். மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிகிம் சாவியும், சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் வரியும் கீழ்ப்பெயர்களில் இருப்பதால் அவை தப்பிவிடும், அது இன்னும் குழப்பும். மெயில் இப்படி விட்டுவிட்டு வருகிறது என்ற புகார் வந்தால் முதலில் தலைப்பெயரில் சிநேம் இருக்கிறதா என்று, டி.என்.எஸ்.ஸிடம் கேள்வி கேட்கும் டிக் கருவியால் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஏலியஸ். டி.என்.எஸ். சேவைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு பேர் வைத்தார்கள்: சிலரிடம் ஏலியஸ், சிலரிடம் ஏ-நேம், கிளவுட்ஃபிளேரில் சிநேம் ஃபிளாட்டனிங். பேர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றே. சிநேம் கேட்பவரைப் பார்த்து "அந்த வீட்டில் போய்க் கேளுங்கள்" என்கிறது. ஏலியஸில் நேம்சர்வரே அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்து, கிடைத்த ஐ.பி. முகவரிகளை உங்கள் பெயரிலேயே ஏ, ஏ.ஏ.ஏ.ஏ. (புதிய ஐ.பி.வி6 வகை முகவரிக்கானது) ரெக்கார்டுகளாகக் கொடுத்துவிடுகிறது. வெளியே இருப்பவருக்கு ஏலியஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. டிக் கருவியில் பார்த்தால் சாதாரண ஏ ரெக்கார்டுதான் தெரியும். பக்கத்திலேயே எஸ்.ஓ.ஏ., என்.எஸ்., எம்.எக்ஸ்., டி.எக்ஸ்.டி. எல்லாம் நிம்மதியாக இருக்கும்.

ஏ-நேம் என்ற பெயரில் இதைத் தரமாக்க, இணைய விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் ஒரு வரைவு வந்தது, அது ஆர்.எஃப்.சி. ஆகாமலே காலாவதியாகிவிட்டது. ஆகவே இது இன்றும் சேவைக்குச் சேவை மாறும் ஏற்பாடுதான். வேலை செய்கிறவர் மனதில் வைக்க வேண்டிய கேள்வி இதுதான்: யார் போய்க் கேட்டுவருகிறார், எங்கே இருந்து, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை? ஏலியஸில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

அமேசானின் டி.என்.எஸ். சேவையான ரூட் 53இல் ஏலியஸ் வெளியே போய்க் கேட்பதே இல்லை; தன் வீட்டுக்குள்ளேயே விவரம் தெரிந்துகொள்கிறது. அதனால்தான் அது காட்டக்கூடிய இடங்களும் குறைவு: கிளவுட்ஃபிரண்ட் (அமேசானின் சி.டி.என்.), லோட் பேலன்சர், எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) வலைத்தளம், ஏ.பி.ஐ. கேட்வே போன்ற அமேசான் பொருள்கள், அல்லது அதே ஸோனுக்குள் இருக்கும் இன்னொரு ரெக்கார்டு. வெளி நிறுவனத்தின் பெயரை அதில் போட முடியாது. அதே ஸோனில் ஒரு சிநேம் வைத்துத் தலைப்பெயரை அதற்கு ஏலியஸ் செய்து ஏமாற்றலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. ஏலியஸின் வகையும் இலக்கின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும், தலைப்பெயரிலோ சிநேம் வகைக்கு இடமில்லை.

செய்யும் முறை இப்படி. முதலில் கிளவுட்ஃபிரண்ட் விநியோகத்தின் (டிஸ்ட்ரிபியூஷன், உங்கள் தளத்துக்காக அங்கே உருவாக்கிய அமைப்பு) மாற்றுப் பெயர்ப் பட்டியலில் தலைப்பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்கான எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் வட வர்ஜீனியா வட்டாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ரூட் 53க்குப் போனால் தேர்வுப் பட்டியலில் உங்கள் விநியோகம் வராது. கையால் எழுதிப் போட்டாலும் தளம் திறக்காது. பிறகு பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டு ஏ வகையில் ஒரு ஏலியஸ். விநியோகத்தில் ஐ.பி.வி6 திறந்திருந்தால் ஏ.ஏ.ஏ.ஏ. வகையில் இன்னொன்று. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பதிலை எத்தனை நொடி கேஷில் வைக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். பெட்டி இருக்காது, இலக்கின் டி.டி.எல்.லே எடுத்துக்கொள்ளப்படும், லோட் பேலன்சருக்கு அது 60 நொடி. எஸ்3 வலைத்தளமாக இருந்தால் கோப்புகளை வைக்கும் பக்கெட்டின் பெயர் டொமைனின் பெயராகவே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் ஏலியஸ் ஒட்டாது. அமேசான் பொருளைக் காட்டும் ஏலியஸ் கேள்விகளுக்குக் கட்டணமும் இல்லை.

கிளவுட்ஃபிளேரில் வேலை இதைவிட எளிது. @ பெயருக்குச் சிநேம் என்றே எழுதலாம், இலவசத் திட்டத்திலும் அது தானாக ஃபிளாட்டன் ஆகும். ரெக்கார்டின் பக்கத்தில் ஆரஞ்சு மேகம் எரிந்தால், அதாவது தளத்துக்கு வருகிறவர்கள் கிளவுட்ஃபிளேர் வழியாக வந்தால், வெளியே தெரிவது கிளவுட்ஃபிளேரின் சொந்த முகவரிகள்தான். உங்கள் இலக்கைத் தேடிப் போவது அவர்களுடைய உள்வேலை. மேகத்தைச் சாம்பலாக்கினால்தான் இலக்கின் முகவரிகள் வெளியே தெரியும். ஏலியஸ் சரியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து சோதிக்கிறவர் மேகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தமாகப் பவர்டி.என்.எஸ். என்ற நேம்சர்வர் மென்பொருளை ஓட்டுபவர்கள் ஏலியஸ் வகையை நேராகப் பயன்படுத்தலாம். அதற்கு அமைப்புக் கோப்பில் இரண்டு வரி வேண்டும்: எக்ஸ்பாண்ட்-ஏலியஸ் அமைப்புக்கு யெஸ் (yes) என்ற மதிப்பும், ரிசால்வர் அமைப்பில் போய்க் கேட்டுவர ஒரு ரிசால்வரின் முகவரியும். முதல் வரி இயல்பில் அணைந்தே இருக்கும், அதனால் ரெக்கார்டை மட்டும் சேர்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பயனில்லை. அந்த ரிசால்வர் படுத்தால் உங்கள் தலைப்பெயரும் படுக்கும் என்பதால் அதையும் உங்கள் கண்காணிப்பில் வையுங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டாம் நேம்சர்வருக்கு ஏ.எக்ஸ்.எஃப்.ஆர். என்ற முழு நகல் முறை மூலம் ஸோனை அனுப்பும்போது ஏலியஸை ஐ.பி.யாக விரித்து அனுப்பும் தனி அமைப்பு ஒன்று இருக்கிறது. விரிக்காமல் அனுப்பினால், பவர்டி.என்.எஸ். அல்லாத சர்வருக்கு அந்த ரெக்கார்டு என்னவென்றே புரியாது. விரித்து அனுப்பினால் அந்த நேரத்து முகவரி அங்கே உறைந்துவிடும். இலக்கின் ஐ.பி. மாறினாலும் ஸோன் மாறியதைக் காட்டும் உங்கள் எஸ்.ஓ.ஏ. சீரியல் எண் மாறவில்லையே, இரண்டாம் சர்வர் மறுபடி வந்து கேட்க வேண்டிய காரணமே இல்லை. முதல் சர்வர் புது முகவரியையும் இரண்டாம் சர்வர் பழைய முகவரியையும் சொல்லிக்கொண்டிருக்கும். வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தளம் திறக்காது. அடிக்கடி ஐ.பி. மாறும் இலக்கென்றால் தரவுத்தளப் பிரதி மூலம் எல்லா நேம்சர்வர்களையும் ஒரே நிலையில் வைப்பதுதான் சரி.

டி.என்.எஸ்.செக் கையொப்பமும் இதே இடத்தில் இடிக்கும். ஏலியஸின் பதில் கேட்கும்போது பிறப்பது. முன்கூட்டியே தனி எந்திரத்தில் கையொப்பமிட்டு வைக்கும் ஸோனில் அதற்குக் கையொப்பம் இருக்காது. உடனுக்குடன் கையொப்பமிடும் சர்வர் வேண்டும்.

டி.டி.எல். விஷயத்தில் சற்றும் தாராளம் வேண்டாம். லோட் பேலன்சரின் டி.டி.எல். 60 நொடி, உங்கள் ஏலியஸில் 3600 என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், சில சேவைகள் உங்கள் 3600ஐயே அனுப்பிவிடும். லோட் பேலன்சர் கூட்டம் அதிகமாகி முகவரியை மாற்றிக்கொண்டால், ஒரு மணி நேரம் வரை சிலர் பழைய முகவரிக்கே போவார்கள். அந்த முகவரி அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். அப்போது வருகிறவருக்கு யாருடையதோ சான்றிதழைக் காட்டி உலாவி எச்சரிக்கும். உங்கள் தளம் ஹேக் ஆகிவிட்டது என்று தொலைபேசி வரும். இலக்கின் டி.டி.எல். என்னவென்று பார்த்து அதே அளவிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள். இலக்கு அசையாதது என்றாலும் 300 நொடிக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

எங்கே இருந்து கேட்டுவருகிறார் என்பது சி.டி.என். விஷயத்தில் முக்கியம். பல சி.டி.என்.கள், தங்களிடம் வந்து கேட்கும் ரிசால்வர் எங்கே இருக்கிறதோ அதற்கு அருகிலுள்ள சர்வரின் முகவரியைக் கொடுக்கும். சிநேமில் கேட்பது வாசகரின் ரிசால்வர். ஏலியஸில் கேட்பது உங்கள் டி.என்.எஸ். சேவைக்காரர். அவர் பிராங்பர்ட்டிலிருந்து கேட்டால் பிராங்பர்ட் முகவரி வரும், மும்பையில் இருப்பவருக்கும் அதையே கொடுப்பார். தளம் திறக்கும், ஆனால் படங்கள் ஊர்ந்து வரும். 2016இல் ஆர்.எஃப்.சி. 7871ஆக வெளிவந்த, வாசகர் எந்த வலையில் இருக்கிறார் என்பதைக் கேள்வியோடு அனுப்பும் கிளையன்ட் சப்நெட் வசதியை இரு தரப்பும் பயன்படுத்தினால் இது சரியாகும். இருக்கிறதா என்று சேவைக்காரரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். எனிகாஸ்ட் முறையில் ஒரே முகவரியை உலகமெங்கும் அறிவிக்கும் சி.டி.என். என்றால் இந்தக் கவலை இல்லை. சோதிப்பதற்கு வெவ்வேறு நாட்டிலுள்ள இரண்டு சர்வர்களில் உட்கார்ந்து, தலைப்பெயரையும் இலக்குப் பெயரையும் டிக் கருவியால் கேளுங்கள். இலக்குப் பெயருக்கு இடத்துக்கு இடம் வேறு முகவரி வந்து, தலைப்பெயருக்கு எங்கும் ஒரே முகவரி வந்தால் விடை கையில் இருக்கிறது.

ஏலியஸ் இல்லாமலும் பிழைக்கலாம், பல நேரம் அதுவே நல்லது என்பது என் கருத்து. வலைத்தளம் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் தலைப்பெயருக்கென நான்கு நிலையான முகவரிகளைத் தருகிறது: 185.199.108.153 தொடங்கி மூன்றாம் எண் மட்டும் மாறி 185.199.111.153 வரை. நான்கையும் ஏ ரெக்கார்டாகப் போட்டால் போதும். அமேசானில் குளோபல் ஆக்ஸிலரேட்டர் வாங்கினால் இரண்டு நிலையான முகவரிகள் கிடைக்கும்.

இன்னொரு வழி, தலைப்பெயரை ஒரு சிறிய சர்வருக்குக் காட்டி அங்கிருந்து மூன்று டபிள்யூ பெயருக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது) என்ற குறியீட்டோடு திருப்பிவிடுவது. அந்தச் சர்வரிலும் தலைப்பெயருக்கான சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும். உலாவி முதலில் பாதுகாப்பான இணைப்பைக் கட்டும், பிறகுதான் திருப்பிவிடும் செய்தியைப் படிக்கும். டொமைன் பதிவாளர்கள் இலவசமாகத் தரும் திருப்பிவிடும் வசதிகளில் சான்றிதழ் இல்லாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். டி-நேம் என்ற ரெக்கார்டு இதற்கு உதவாது. அது தலைப்பெயருக்குக் கீழே உள்ள பெயர்களைத் திருப்பும், தலைப்பெயரைத் தொடாது.

முறையான தீர்வு 2023 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 9460ஆக வந்தது. எச்.டி.டி.பி.எஸ். என்ற பெயரிலேயே ஒரு ரெக்கார்டு வகை, எண் 65. முன்னுரிமை எண்ணாக 0 கொடுத்தால் அது ஏலியஸ் முறையில் இயங்கும், வலைத்தளத்தை மட்டும் வேறு பெயருக்குக் காட்டும், எம்.எக்ஸ். பக்கம் போகாது. 1987இலேயே இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேரின் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்! ஆனால் எல்லாக் கருவிகளும் அதைப் படிப்பதில்லை. அதைப் போட்டாலும் ஏ, ஏ.ஏ.ஏ.ஏ. ரெக்கார்டுகளை எடுத்துவிடாதீர்கள்.

பழைய சர்வரிலிருந்து ஏலியஸுக்கு மாறும்போது ஒரு நாள் முன்பே பழைய ஏ ரெக்கார்டின் டி.டி.எல்.லை 300க்குக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் பழைய ஏ ரெக்கார்டை எடுக்கும் கை பழைய ஏ.ஏ.ஏ.ஏ.வையும் எடுக்க வேண்டும். மறந்துபோனால் அலுவலகத்திலிருந்து பார்ப்பவருக்குப் புதிய தளமும், ஐ.பி.வி6 பரவலாக ஓடும் ஜியோ போன்ற மொபைல் வலையிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய தளமும் தெரியும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனையும் ஏ.ஏ.ஏ.ஏ. இருந்தால் முதலில் அங்கேதான் போகும். பழைய சர்வர் உயிரோடிருந்து தவறான பதில் சொன்னால் சான்றிதழ் கிடைக்காது, காரணமும் புரியாது. மாற்றிய பிறகு ரிசால்வரிடம் கேட்காமல் உங்கள் நேம்சர்வர்கள் ஒவ்வொன்றிடமும் நேராக ஏ, ஏ.ஏ.ஏ.ஏ., எம்.எக்ஸ்., டி.எக்ஸ்.டி., என்.எஸ். என்று தனித்தனியாகக் கேளுங்கள். எனி (ANY) என்று மொத்தமாகக் கேட்டால் இப்போது பல சர்வர்கள் முழுப் பதில் தருவதில்லை.

டி.என்.எஸ். சேவையை மாற்றும் நாளில் ஸோன் கோப்பை ஏற்றுமதி செய்து அப்படியே புதிய இடத்தில் ஏற்றினால், ஏலியஸ் வரி ஒன்று காணாமல் போகும் அல்லது அன்றைய ஐ.பி.யாக உறைந்து வரும். இரண்டாவது இன்னும் கெடுதல், ஏனென்றால் சில வாரம் நன்றாக ஓடும். ஏற்றுமதிக்கு முன் ஏலியஸ்கள் எல்லாவற்றையும் இலக்குப் பெயரோடு கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கை மூடும்போது வரிசை முக்கியம். முதலில் ஏலியஸை எடுங்கள், டி.டி.எல். தீரும்வரை காத்திருங்கள், அதன் பிறகே பக்கெட்டையோ விநியோகத்தையோ அழியுங்கள். எஸ்3 வலைத்தளத்தில் பக்கெட்டை முதலில் அழித்து ஏலியஸை விட்டுவைத்தால், அதே வட்டாரத்தில் அதே பெயரில் வேறு யாராவது ஒரு பக்கெட்டைத் திறந்தால் போதும், உங்கள் டொமைனில் அவர் வைப்பதுதான் தளம்.